பல்கலைக்கழக வாசலில் உனக்கு ஓர் இலை

சுடர்,

மேல்படிப்புக்காகப் புனேவுக்குப் போகிற ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது என்று நேற்று நீ கூடத்தில் குதித்ததை உன் பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். நீ மாடிக்குப் போனதும் என் பக்கம் திரும்பி, சுகர் இருக்கிற பிள்ளை அவ்வளவு தொலைவில் சாப்பாட்டுக்கு என்ன செய்யும் என்று கேட்டார். அக்கறையில்தான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. மரியாதைக்கு அடக்கிக்கொண்டேன். நீ பெரம்பலூருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன வருடமும் அவர் இதையேதான் கேட்டார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. இன்றைக்குச் சிரிப்பு வருகிறது என்றால், நடுவில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியத்தை ஜெயித்திருக்கிறோம். அதை உனக்கு எழுதிக் கொடுத்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். வாயால் சொன்னால் ‘தெரியும்மா’ என்று பாதியில் வெட்டிவிடுவாய். உன்னைப் போன்ற பிள்ளையை வைத்துக்கொண்டு, எங்கே அனுப்புவது, யாரை நம்பி அனுப்புவது என்று தவிக்கிற வேறு அம்மாக்கள் கண்ணில் இது பட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ ஏழாவது படிக்கும்போது ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாய். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாய். திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உட்காரவைத்து, உன் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இனி தினமும் ஊசி, ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கு தப்பக் கூடாது என்று விளக்கினார். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறு போடுவதும் எடை பார்ப்பதும்தான் என் வேலை. அதே வேலையை வீட்டிலும் செய்தால் போயிற்று என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். நீ ஆண்டிமடத்தில் வீட்டோடு இருந்தவரை அது நடந்தது. நீயே ஊசி போட்டுக்கொள்ளப் பழகினாய். ஊசி போட்டு நீ கூடத்துக்கு வரும்போது தட்டு தயாராக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் நான் கட்டிக் கொடுத்த டப்பாதான். வெளியே எங்கேயும் உன்னைச் சாப்பிட விட்டதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட உன் சாப்பாடு நம் பையில் இருக்கும்.

பிளஸ் டூ முடித்தாய். பெரம்பலூருக்கு வெளியே, ஹைவே ஓரத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் நீ கேட்ட இயற்பியலே கிடைத்தது. ஹாஸ்டலைப் பார்க்கப் போனோம். வார்டன் நல்ல மனுஷி. இன்சுலினைத் தன் அறை பிரிட்ஜிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்றார். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் கையை விரித்துவிட்டார். லேப் இருக்கிற நாட்களில் பிள்ளைகள் வந்து சேரவே நேரமாகிவிடும், கூட்டத்தில் வரிசையில்தான் நிற்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்க வழியில்லை என்றார். வீடு திரும்பியதும் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜெயங்கொண்டத்திலேயே ஒரு காலேஜில் சேர்த்தால் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாமே என்றார் பெரியப்பா. உன் அப்பாவும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். சிமெண்ட் லாரி ஓட்டி ஊர் ஊராகச் சாப்பிட்ட மனுஷர். “ஓட்டல் சோத்தப் பத்தி ஒங்க யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்” என்றார். நீ அழவில்லை. சண்டையும் போடவில்லை. முந்திரித் தோப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுவாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் நானே கேட்டேன். அனுப்பலாமா, கூடாதா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். “தாராளமா அனுப்புங்க. பாடத்த அவ பாத்துக்குவா. எந்த நேரத்துல எங்க போனா சாப்பாடு கெடைக்கும்கறத மட்டும் நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பாத்து வெச்சுக்குங்க” என்றார். ஆஸ்பத்திரி வாசற்படி இறங்கும்போதே, அங்கே இருக்கிற கடைகளை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன்.

முதல் தடவை நான் மட்டும் போனேன். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று பஸ் மாறி, பல்கலைக்கழக கேட்டில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. உனக்கு ஒன்று சொல்லட்டுமா? அதுவரைக்கும் நான் தனியாக ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. உன் அப்பாவோடு போயிருக்கிறேன், மீட்டிங்குக்குப் போகும்போது மற்ற டீச்சர்களோடு போயிருக்கிறேன். தனியாகப் போய், உட்கார்ந்து, எனக்கு இது வேண்டும் என்று கேட்டதில்லை. அதனால் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் ஏதோ வழி தெரியாத ஆள் மாதிரி நடந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஓட்டல் ஒன்று ஹைவேயைப் பார்த்து இருந்தது. முதலில் அங்கே போனேன். ஏசி ஜிலுஜிலு என்று இருந்தது. சாப்பாடு வருவதற்குள் பக்கத்து மேஜைக்காரர்கள் ஒரு சினிமாக் கதையையே பேசி முடித்துவிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டு நீ அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். உனக்கு ஆகாது என்று மனசுக்குள் தள்ளிவிட்டேன்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடு வேய்ந்த ஒரு மெஸ். உள்ளே பெஞ்சு முழுக்கப் பையன்கள், லாரிக்காரர்கள், ரோட்டு வேலைக்காரர்கள். சாம்பார் வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. பெரம்பலூர் சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகப் போட்டு வைத்த சாம்பார். வாசலில் நின்றேன். கல்லாவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, “லேடீஸெல்லாம் பார்சல்தாங்க வாங்குவாங்க. என்ன கட்டச் சொல்லட்டும்?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வேறு நாளாக இருந்தால் ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் மறைவாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். ஆனால் நான் இன்றைக்கு இங்கே உட்காராவிட்டால் நாளைக்கு நீ எப்படி உட்காருவாய்? “நான் உக்காந்து சாப்பிடத்தாங்க வந்தேன். அந்த ஓரத்துல எடம் இருக்கே” என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து வந்து அவரே மேஜையைத் துடைத்து இலையைப் போட்டார். பையன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சொல்லிவைத்தாற்போல் சோறு உடனே வந்தது. கீரை, பொரியல், கேட்டதும் ஆம்லெட். நான் சாப்பிட்டேன், சுடர். இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது, ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி எனக்குள் ஒரு தெம்பு.

அடுத்த வாரத்திலிருந்து உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று உன் நாக்கு சொன்னால் போதாது, உன் ரத்தமும் சொல்ல வேண்டுமே. சாப்பிடுவதற்கு முன்னால் விரலில் குத்தி மெஷினில் பார்ப்போம். சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப் நிழற்குடையில் இரண்டு மணி நேரம் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிறகு மறுபடி பார்ப்போம். அடிக்கடி வருகிறோமே என்று கேட் வாட்ச்மேன் ஒருநாள் வந்து விசாரித்தார். “ஓட்டலுக்கெல்லாம் எக்ஸாம் வெக்கிறோம் சார்” என்று நீ முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாய். அவர் நம்பிவிட்டார். பரோட்டா கடை அந்த எக்ஸாமில் மோசமாகத் தோற்றது. உனக்குப் பிடித்தது அதுதான் என்பதால் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஒரு கடையில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்பதை என் நாக்குக்கு முன்னால் உன் மெஷின் கண்டுபிடித்தது. ஹைவே ஓரத்தில் கம்பங்கூழ் விற்கிற தள்ளுவண்டி நன்றாகத் தேறியது. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு நீ அந்தக் கூழைக் குடித்த அழகு இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. அதுவரை சாப்பாடு என்றால் உனக்கும் எனக்கும் ஒரு பயம். அந்த வாரங்களில்தான் முதல் தடவையாக நாம் அதை விளையாட்டாகச் செய்தோம்.

ரஹ்மத்தை அப்படித்தான் கண்டுபிடித்தோம். லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போகிற பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே, வீட்டின் முன்னறையில் நாலு மேஜை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் லப்பைக்குடிகாடு. புருஷன் குவைத்தில். உள்ளே போனதும் நான் உன் விஷயம் முழுக்கச் சொன்னேன். ஊசி, நேரம், எவ்வளவு சோறு என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவள் மீன் வறுத்துக்கொண்டே கேட்டாள். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்கு அவளைப் பிடித்துப்போக ஒரு காரணம். “கெளம்பும்போது புள்ள ஒரு போன் அடிக்கட்டும், தட்டப் போட்டு வெச்சிருப்பேன். லேட்டா வந்தா ஆறிப்போவும், அதுக்கு என்னயச் சொல்லக் கூடாது” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சோறு அளவாக, மீன் இரண்டு துண்டு, அவரைக்காய் நிறைய. இரண்டு மணி நேரம் கழித்து மெஷினைப் பார்த்துவிட்டு நீ என் முகத்துக்கு நேரே நீட்டினாய். வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற அதே கணக்கு.

உன் அப்பாவைச் சம்மதிக்கவைக்க நான் வாதாடவே இல்லை. அரியலூரிலிருந்து அவருக்கு அந்தப் பக்கம் லோடு இருந்த ஒரு நாளில், ரஹ்மத் கடையில் வந்து சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார். குழம்பை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ரஹ்மத்துக்குக் கோபம் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து வெளியே வந்து பல் குத்திக்கொண்டே, “எண்ணெ பழசு இல்ல” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சான்றிதழ் வராது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த திங்கட்கிழமை உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம்.

இனி நீ போகிற ஊரில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஓர் இடம் நன்றாக இருக்கிறது என்று அதோடு நின்றுவிடாதே. முதல் செமஸ்டரில் நடந்ததை நினைத்துப் பார். நீ லேபில் இருந்தாய், போனை அணைத்து வைத்திருந்தாய். லேப் முடிந்ததும் வழக்கம் போல ரஹ்மத்துக்கு அடித்தாய். மணி போனது, எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள் என்று ஊசியைப் போட்டுக்கொண்டு நடந்தாய். கடை பூட்டியிருந்தது. ஊரில் மாமனார் மவுத்தாகிவிட்டார், சாவு வீட்டுக்கு அவள் காலையிலேயே போயிருந்தாள். உனக்கு இரண்டு தடவை போன் செய்தும் கிடைக்கவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் உனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, வேர்த்தது. அந்தக் காட்சியைத்தான் நான் எத்தனையோ நாள் கனவில் பார்த்துப் பதறியிருக்கிறேன். நிஜத்தில் நீ செய்தது வேறு. அங்கேயே படியில் உட்கார்ந்து பையிலிருந்த குளுக்கோஸைப் போட்டுக்கொண்டாய். நடுக்கம் அடங்குகிறவரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் சர்க்கரை கூடப் போட்டு ஒரு டீ வாங்கிக் குடித்தாய். பிறகு ரோட்டைக் கடந்து, அந்தச் சின்ன வெங்காய சாம்பார் மெஸ்ஸுக்குப் போய், பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து இலை போடச் சொன்னாய். சாயங்காலம் நீயே போன் செய்து எல்லாவற்றையும் வரிசையாக எனக்குச் சொன்னாய்.

மறுநாள் காலையில் உன் அப்பா லாரியோடு கேட்டில் வந்து நின்றுவிட்டார், உன்னைக் கையோடு கூட்டிப்போக. நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆகவே பின்னாலேயே பஸ் பிடித்து வந்தேன். நீ அவரிடம் அழுவாய் என்று நினைத்தேன். நீ அவரை முதலில் டிபன் சாப்பிடவைத்தாய். அவர் கை கழுவிவிட்டு வந்ததும் பேசினாய். “அப்பா, நான் கீழ விழல. உக்காந்தேன். டீ குடிச்சேன். எந்திரிச்சுப் போயி சாப்பிட்டேன். மத்தியானம் கிளாஸுக்கும் போனேன். இதுல நீங்க கூட்டிட்டுப் போறதுக்கு என்ன இருக்கு?” அவர் லாரிப் பக்கம் நடந்தார். லாரியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, காசு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாய். வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு அன்றைக்கு அந்த ரோட்டில் நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அந்த வாசல் உன்னுடையதாகிவிட்டது. நோன்பு மாதத்தில் ரஹ்மத் பட்டினியாக இருக்க, அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட உனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு கடைக்குப் போகப் பார்த்தாய். அவள் விடவில்லை. “எனக்கு நோன்பு, ஒனக்கு ஊசி. ஒக்காந்து தின்னு” என்று தட்டை வைத்தாள். சாயங்காலம் நோன்புக் கஞ்சியில் உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள். எதிர்ப்பக்கத்து மெஸ்ஸுக்கு உன் வகுப்புப் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போனாய். முன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தீர்கள். ஒரு மாதம் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் அவர்களே, சாம்பார் வாளியை இந்தப் பக்கம் தள்ளுங்க என்று உங்களிடம் கேட்டார்கள். அட்மிஷன் நேரத்தில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, எங்கே சாப்பிடுவது என்று திகைத்து நிற்கிற அப்பா அம்மாக்களை வாட்ச்மேன் உன்னிடம்தான் அனுப்பினார். அவசரமாக பஸ் பிடிப்பவர்களுக்கு ஓர் இடம், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஓர் இடம், வயசானவர்களுக்கு ஓர் இடம் என்று நீ கை நீட்டிக் காட்டுவாயாம். ஆண்டிமடத்துப் பெண் ஒருத்தி அப்படி உதவினாள் என்று ஒருத்தர் என்னிடமே சொல்லிப் பாராட்டினார், நான்தான் உன் அம்மா என்று தெரியாமலேயே. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெருமையை முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.

பட்டமளிப்பு நாளைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. உன் பெயரைத் தங்கப் பதக்கத்துக்குக் கூப்பிட்டபோது உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார், பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய காட்சி அதற்கப்புறம். வேனில் வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் நீ ரஹ்மத் கடைக்கு அழைத்துப்போனாய். யார் சைவம், யாருக்குக் காரம் ஆகாது, யாருக்கு முள் எடுத்த மீன் என்று நின்ற இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனாய். எல்லாருக்கும் தட்டு வந்ததும் நீயும் உட்கார்ந்து, பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து, பேச்சை நிறுத்தாமல் போட்டுக்கொண்டாய். சொந்தக்காரர்கள் நடுவில் நீ ஊசி போட்டதே இல்லை. எங்கே போனாலும் உன்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறவள் நான். அன்றைக்கு என் கை பழக்கத்தில் முந்தானையை விரித்து உன்னை மறைக்க எழுந்தது. நீ அதைப் பிடித்து என் மடியிலேயே வைத்துவிட்டு, “சாப்பிடும்மா, ஆறிடும்” என்றாய். எல்லாரும் சாப்பிட்டார்கள்.

போன மாதம் இண்டர்வியூவுக்கு நீ தனியாகப் புனே போனாயே, நான் வரட்டுமா, கடைகளைப் பார்த்து வைக்கலாமே என்று கேட்டேன். வேண்டாம்மா என்றாய். அந்த இரண்டு நாளும் நான் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேனே தவிர, மனசு எங்கேயோ இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் உன் போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றாய். அந்த மூச்சிலேயே, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை பிடித்துவிட்டேன், ஓர் அம்மா அடுப்பில் கம்பு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார், தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, ஊசியைக் காட்டினேன், புரிந்துகொண்டு முதல் ரொட்டியை எனக்குப் போட்டுவிட்டார், இன்னும் இரண்டு கடை பார்த்து வைத்திருக்கிறேன் என்றாய். பின்னால் தட்டுச் சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம். நீ வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாய். உனக்கு நோய் வந்த நாளிலிருந்து நீ சாப்பிட்டேன் என்று சொன்னால் என் வாயில் முதலில் வருவது ‘சுகர் எவ்வளவு?’ என்பதுதான். அன்றைக்கும் அதுதான் நாக்கு நுனி வரை வந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. வேறொன்று கேட்டேன்.

“ருசியா இருக்கா?”

நீ மெல்லுவதை நிறுத்தினாய். பிறகு சிரித்துக்கொண்டே, “ரொம்ப ருசியா இருக்கும்மா” என்றாய்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு. அந்த ரொட்டிக்கு என்ன தொட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா
ஆண்டிமடம்